வேண்டாத விருந்தாளியை எங்கே தங்க வைப்பது?

ஒன்றரை லட்சம் ரூபாய்க்குள் ஒரு ஹெட்போன் வாங்கப்போகும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: பாட்டுக் கேட்க ஓப்பன் பேக் நல்லதா, குளோஸ்டு பேக் நல்லதா? கடைக்காரர் முதலாவதைச் சொல்கிறாராம். நண்பரோ, மூடியில்லாத ஹெட்போனில் பாஸே வராது என்று சாதிக்கிறாராம். பாட்டுக் கேட்க மட்டுமே ஒன்றரை லட்சம் ஒதுக்க முடிந்தவர் மீது வரும் லேசான பொறாமையை ஓரமாக வைத்துவிட்டுப் பதிலுக்குப் போகலாம். இருவரும் பாதி சரி. மீதிப் பாதி ஹெட்போனின் முதுகுப்பக்கம் இருக்கிறது. அங்கே என்ன நடக்கிறது என்று விளம்பரங்கள் அதிகம் சொல்வதில்லை.

வெளியே தெரியும் வித்தியாசம் சின்னது. ஓப்பன் பேக்கில், காதை மூடும் கிண்ணத்தின் வெளிப்புறம் கம்பிவலை. மற்றதில் அந்த இடத்தில் மரமோ பிளாஸ்டிக்கோ கண்ணாடியோ. உள்ளே இரண்டிலும் ஒரே மாதிரியான சவ்வு, ஒரே மாதிரியான காந்தம். சவ்வு காதை நோக்கி முன்னால் தள்ளும்போது அந்தப் பக்கம் காற்று அழுந்துகிறது. அதே கணத்தில் அதன் பின்பக்கம் காற்று விரிகிறது. பின்னால் எழுவதும் ஒலிதான். முன்னால் எழுவதற்குச் சமமான வலு, நேர் எதிரான கட்டம். முன்பக்க ஒலிக்குத்தான் நாம் காசு கொடுத்தோம். பின்பக்கத்து ஒலி அழைக்காமல் வந்த விருந்தாளி.

ஓப்பன் பேக் இந்த விருந்தாளியைக் கொல்லைக் கதவு வழியாக அனுப்பிவிடுகிறது. அவர் போய்ப் பக்கத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொள்வார். ஓப்பன் பேக்கில் பாட்டுக் கேட்டால் அருகில் இருப்பவருக்கும் அந்தப் பாட்டு ஈயின் ரீங்காரமாகக் கேட்பது அதனால்தான். அக்கம்பக்கத்தாருக்குத் தொல்லை; வீட்டுக்காரருக்கு நிம்மதி.

குளோஸ்டு பேக் அவரைப் பின்னறையில் பூட்டிவைக்கிறது. பூட்டிவிட்டால் தூங்கிவிடுவாரா? சுவரில் மோதித் திரும்பி வருகிறார். திரும்பி வந்தவர் தட்டும் கதவு, அந்த வீட்டிலேயே மெல்லிய கதவு: சவ்வேதான். கிண்ணத்தின் ஆழம் 4 சென்டிமீட்டர் என்றால் போய்த் திரும்ப 8 சென்டிமீட்டர். ஒலிக்கு அது கால் மில்லி விநாடிகூட இல்லை. அந்த இடைவெளியில் வந்து சவ்வை உலுக்கி, முன்னறையில் சொல்லி முடித்த சொல்லையே மறுபடி சொல்கிறார். அலைநீளம் சரியாக 8 சென்டிமீட்டர் உள்ள ஒலிக்கு, அதாவது சுமார் 4,300 ஹெர்ட்ஸுக்கு, போவதும் வருவதும் தாளம் தப்பாமல் சேர்ந்துகொள்ளும். அந்தச் சுருதி மட்டும் தூக்கலாகவோ குழிந்தோ ஒலிக்கும். பியானோவின் வலதுகோடிக் கட்டை 4,186 ஹெர்ட்ஸ் என்பதை நினைத்துக்கொண்டால் இது எந்த வட்டாரம் என்று புரியும். மனிதக் காது மிகக் கூர்மையாக இருப்பதும் 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையிலான இதே வட்டாரத்தில்தான். காதை மூடும் அளவுக்குக் கிண்ணம் செய்தால் அதன் ஆழம் இந்த அலைநீளத்தோடு பொருந்திப்போவது பொறியாளர்களின் கெட்ட காலம்.

சரி, பின்னறையில் பஞ்சையோ கம்பளியையோ அடைத்துவிட்டால் என்ன? இங்கேதான் இந்த இயற்பியல் ரசிக்கவைக்கிறது. பஞ்சு ஒலியை விழுங்குவது உராய்வால். காற்றுத்துகள்கள் இழைகளுக்கு இடையே ஓடினால்தான் உராய்வு உண்டு. சுவரை ஒட்டிய காற்று ஓட முடியாது, சுவர் விடாது. அங்கே அழுத்தம் உச்சம், ஓட்டம் பூஜ்யம். ஓட்டம் உச்சம் பெறும் இடம் சுவரிலிருந்து கால் அலைநீளம் தள்ளி இருக்கிறது. அதாவது விருந்தாளிக்குச் சுவரோரம் மெத்தை போட்டால் படுக்க மாட்டார், நடுக்கூடத்தில் போட்டால்தான் படுப்பார். 4,300 ஹெர்ட்ஸ் விருந்தாளிக்கு நடுக்கூடம் 2 சென்டிமீட்டரில் இருக்கிறது. கிண்ணத்துக்குள் மெத்தை போட்டுவிடலாம். 300 ஹெர்ட்ஸ் விருந்தாளிக்கு அது 28 சென்டிமீட்டர் தள்ளி. கிண்ணத்தைத் தாண்டி, தலையையும் தாண்டி, மறுபக்கத்துச் சுவர் வரை மெத்தை போட வேண்டும்.

இன்னும் கீழே போனால் அவர் சுவரில் மோதுவதையே விட்டுவிடுகிறார். 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் மூன்றரை மீட்டர். அதற்குக் கிண்ணம் ஒரு அறையே அல்ல, உள்ளேயுள்ள காற்று முழுவதும் ஒரே கட்டியாக அழுந்தி விரிகிறது. பின்னறை நிறைய ஒரு பருத்த ஆள் உட்கார்ந்துவிட்டால் கதவை உள்பக்கம் தள்ள முடியுமா? சவ்வுக்கு அதே கதிதான். பின்னாலுள்ள காற்று சுருள்வில் போல எதிர்த்துத் தள்ளும். சவ்வின் இயல்பான அதிர்வெண் மேலேறும். பாஸ் ஓரிடத்தில் புடைத்து, இன்னோரிடத்தில் மெலியும். அதனால்தான் பல குளோஸ்டு பேக் ஹெட்போன்களில் ஊசிமுனைத் துளை ஒன்றிரண்டு இருக்கும். விருந்தாளி மூச்சுவிட ஜன்னல். அந்தத் துளையை எத்தனை பெரிதாக வைப்பது, அதன்மேல் எவ்வளவு அடர்த்தியான துணி ஒட்டுவது என்பதில்தான் பாதி வித்தை. உவமை நைந்துபோய்விட்டது, தெரிகிறது. ஆனால் அவரை வெளியே அனுப்ப இன்னும் நேரம் வரவில்லை.

வரலாறு கேட்பவர்களுக்காக ஒரு பத்தி. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் நத்தானியேல் பால்ட்வின் தன் வீட்டுச் சமையலறையில் செய்த ஹெட்போன்களை 1910இல் அமெரிக்கக் கடற்படை வாங்கியது. ஜான் காஸ் 1958இல் ஸ்டீரியோ இசைக்கென்று ஒன்றைக் கொண்டுவந்தார். அதுவரையிலும் அதற்குப் பின்னரும் ஹெட்போன் என்றால் மூடிய, கனத்த சமாசாரம்தான். ஜெர்மனியின் சென்ஹைசர் 1968இல் மஞ்சள் பஞ்சு வைத்த எச்டி 414ஐ வெளியிட்டு முதுகைத் திறந்துவிட்டது. ஒரு கோடிக்கு மேல் விற்றதாக நிறுவனத்தின் கணக்கு. வரலாறு போதும்.

முதுகு திறந்தால் பாஸ் வராது என்ற நண்பரின் வாதம் அந்த எச்டி 414 காலத்தது. காதின்மேல் சும்மா உட்கார்ந்த, காற்றுப் புகும் பஞ்சு அது. பின்பக்க ஒலி பஞ்சுக்குள் புகுந்து முன்பக்க ஒலியை எதிர்க்கட்டத்தில் சந்திக்கும்; இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். இன்றைய பெரிய ஓப்பன் பேக்குகளில் காதைச் சுற்றி அமரும் மெத்தை நல்ல அணையாக நிற்கிறது. சவ்வு முழுவதும் காந்தப்புலத்தில் நகரும் பிளேனார் வகை ஓப்பன் பேக்குகள், மெத்தை சரியாகப் பொருந்தினால், 20-30 ஹெர்ட்ஸ் வரைக்கும் பாஸைத் தாழவிடாமல் தருகின்றன. ஓப்பன் பேக்கில் பாஸ் குறைவாக இருந்தால் அதற்குக் காரணம் அந்தக் குறிப்பிட்ட சவ்வும் மெத்தையும். திறந்த முதுகை மட்டும் குற்றம் சொல்லக் கூடாது.

இனி விலைக்கு வருவோம். சென்ஹைசரின் எச்டி 800 எஸ் ஓப்பன் பேக். 2016இல் சுமார் 1,700 டாலருக்கு வந்தது. அதன் மூடிய தம்பி எச்டி 820 வந்தது 2018இல், சுமார் 2,400 டாலருக்கு. இரண்டிலும் அதே 56 மில்லிமீட்டர் வளையச் சவ்வுக் குடும்பம். 700 டாலர் கூடுதல் எதற்கு? சிறைச்சாலை கட்டிய செலவு என்று சொல்லலாம். எச்டி 820இன் முதுகில் இருப்பது குழிந்த கொரில்லா கண்ணாடி. அழகுக்கு மட்டும் அல்ல. பின்பக்கம் வரும் ஒலியைக் கண்ணாடி திருப்பி, ஓரத்தில் இருக்கும் உறிஞ்சறைகளுக்குள் அனுப்புகிறது. விருந்தாளியைக் கையைப் பிடித்து மெத்தை இருக்கும் மூலைக்கு நடத்திக்கொண்டு போகும் ஏற்பாடு. உயர்ந்த சுருதிகளுக்கு இது அருமையான யோசனை. ஆனால் அளந்து பார்த்தவர்களின் வரைபடங்களில் 300 ஹெர்ட்ஸ் வட்டாரத்தில் ஒரு பள்ளம் தெரிந்தது. ஆண் குரலின் கனமும் செல்லோவின் உடலும் இருக்கும் இடம் அது. 28 சென்டிமீட்டர் கணக்கு கண்ணாடிக்குப் பணியாது.

ஓப்பன் பேக்குக்கும் உள்ளறைப் பிரச்சினை உண்டு. காதுக்கும் சவ்வுக்கும் நடுவிலுள்ள முன்னறை இரண்டு வகையிலும் மூடியதுதான். 2009இல் வந்த மூல எச்டி 800இல் 6,000 ஹெர்ட்ஸ் அருகே ஒரு முனை காதைக் குத்தியது. சங்கில் காற்று ஒலிப்பதுபோல் ஒரே சுருதிக்கு மட்டும் ஒலிக்கும் குட்டி அறை ஒன்றை வைத்து, அந்தச் சுருதியை அதற்குள்ளேயே அடக்கியதுதான் எஸ் பதிப்பின் முக்கிய மாற்றம். அமெரிக்காவின் டான் கிளார்க் ஆடியோ இதே யோசனையை வெகுதூரம் கொண்டுபோனது. அவர்களுடைய ஸ்டெல்த்தில் சவ்வுக்கும் காதுக்கும் இடையே பல அளவுகளில் குழிகளும் குழாய்களும் நிறைந்த ஒரு பலகை இருக்கிறது. ஒவ்வொரு குழியும் ஒவ்வொரு சுருதியின் எகிறலை அடக்கும். ‘மெட்டாமெட்டீரியல்’ என்ற பட்டம் விற்பனைப் பிரிவின் கைங்கரியம். உள்ளே இருப்பது நூறாண்டுக்கு மேல் பழகிய ஒத்ததிர்வுக் கணக்கு, நேர்த்தியாகச் செய்தது. 2021இல் வந்த ஸ்டெல்த் குளோஸ்டு பேக். 2022இல் வந்த எக்ஸ்பான்ஸ் அதே பலகையுடன் ஓப்பன் பேக். இரண்டும் 4,000 டாலர் வட்டாரம், அளவீட்டு வரைபடங்களும் பெரும்பகுதி ஒன்றையொன்று ஒட்டியே ஓடுகின்றன.

மூடிய ஹெட்போன் தாழ்ந்த சாதி அல்ல என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். அது கடினமான கணக்கு, அவ்வளவுதான். திறந்த வகையில் தானாகத் தீர்ந்துவிடும் பிரச்சினைக்கு மூடிய வகையில் காசு கொடுக்க வேண்டியிருக்கிறது.

ஆனால் விலையை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. பிரெஞ்சு நிறுவனமான ஃபோக்கலின் திறந்த யுட்டோப்பியா 2016இல் 4,000 டாலர், மூடிய ஸ்டெலியா 2019இல் 3,000. இரண்டிலும் பெரிலியம் சவ்வு. அங்கே சிறைச்சாலை தள்ளுபடியில் கிடைக்கிறதுபோல. 2017இல் ஜெரோன் பிரேபார்ட் என்ற ஆய்வாளர் 283 ஹெட்போன்களின் அளவீடுகளை விலையோடு ஒப்பிட்டு, அமெரிக்க ஒலியியல் சங்கத்தின் சஞ்சிகையில் வெளியிட்டார். அதிர்வெண் வரைபடத்துக்கும் விலைக்கும் தொடர்பே இல்லை என்பது முடிவு. சோனி 1989இல் வெளியிட்ட எம்டிஆர்-ஆர்10 என்ற மூடிய ஹெட்போனைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதன் கிண்ணம் 200 ஆண்டு வயதுள்ள ஜப்பானியக் கெயாகி மரம் என்பதில்தான் தொடங்குவார்கள். மரத்தின் வயது ஒலிக்குத் தெரியாது. கிண்ணத்தின் உள்வளைவு தெரியும்.

ஓப்பன் பேக்கில் ‘மேடை விரிகிறது’ என்ற புகழுரைக்கும் இந்தச் சந்தேகக் கண் தேவை. ஸ்பீக்கரில் இடப்பக்க ஒலி வலக்காதையும் கொஞ்சம் தாமதித்து எட்டும். அந்தத் தாமதத்தையும் வைத்துத்தான் மூளை திசையைக் கணிக்கிறது. ஹெட்போனில், திறந்திருந்தாலும் மூடியிருந்தாலும், இடது இடதுக்கு, வலது வலதுக்கு. வலையின் வழியே கசிந்து மறுகாதைத் தொடுவது பொருட்படுத்தும் அளவில் இல்லை. பிறகு எச்டி 800இல் பலரும் உணரும் அகலம் எங்கிருந்து வருகிறது? ஒரு பங்கு, சவ்வைக் காதிலிருந்து தள்ளிச் சாய்த்து வைத்ததால். ஒலி செவிமடலில் பட்டுத்தான் உள்ளே போகிறது. இன்னொரு பங்கு கேட்பவரின் அறையிலிருந்து வருகிறது. மூடிய கிண்ணத்துக்குள் தன் குரலே குடத்துக்குள் பேசுவதுபோல் உப்பும். மெல்லும் சத்தம்கூட மண்டைக்குள் கேட்கும். திறந்த வகையில் அது இல்லை, காதில் எதுவும் அடைத்ததுபோல் தோன்றாது. அந்த விடுதலையைப் பாட்டின் கணக்கில் சேர்த்துவிடுகிறோம்.

அறை திறந்தால் அறையில் இருப்பதெல்லாம் வரும். மின்விசிறி, மிக்ஸி, தெருவில் போகும் தண்ணீர் லாரி எல்லாம் ஓப்பன் பேக்கில் தடையின்றி உள்ளே வந்து, தம்புராவின் கடைசி இழையையும் பியானோவின் தேய்ந்து மறையும் ஒலியையும் மூடிவிடும். உடனே கை ஒலியைக் கூட்டும். வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பவருக்கு 80 டெசிபல் வரை பாதுகாப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. சத்தத்தோடு போட்டி போடும் கை அதைச் சுலபமாகத் தாண்டும். குளோஸ்டு பேக் மிக்ஸியின் கீச்சை நன்றாகத் தடுக்கும். விசிறியின் அடித்தொண்டை முனகலை அவ்வளவாகத் தடுக்காது, அதுவும் நீண்ட அலைநீளம்தான். ஆனால் மே மாதத்தில் விசிறியை நிறுத்திவிட்டுத் தோல் மெத்தைக்குள் காதை வைத்து ஒரு மணி நேரம் உட்காருவது தனி விரதம்.

ஆகவே வாசகருக்கு: கதவைச் சாத்தினால் அமைதியாகும் அறை இருந்து, பக்கத்தில் யாரும் தூங்கவில்லை என்றால் ஓப்பன் பேக். அதே பணத்துக்கு அந்த வகையில் பிழை குறைவான ஒலி கிடைக்க வாய்ப்பு அதிகம். பாதி விலையிலேயே கிடைக்கலாம். 1997 முதல் இருக்கும் எச்டி 600ஐ முதலில் கேட்டுவிட்டு மேலே போவது நல்லது. இல்லையென்றால் குளோஸ்டு பேக், வரைபடத்தில் 200 முதல் 500 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியை உற்றுப் பார்த்தபின்.

மூக்குக்கண்ணாடி அணிபவர் கண்ணாடியோடு போய்க் கேட்க வேண்டும். ஜிமிக்கி அணிபவரும் அப்படியே. கண்ணாடியின் காம்பு மெத்தையைத் தூக்கி அரை மில்லிமீட்டர் இடைவெளி விட்டாலும் பாஸ் அதன் வழியே ஒழுகிவிடும். கடையில் 40 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு, கண்ணாடியை ஒருமுறை கழற்றியும் ஒருமுறை மாட்டியும் பார்த்தால் போதும். அந்த வித்தியாசம் பெரிதாக இருந்தால், அது எந்த வகையாக இருந்தாலும், வேறு ஹெட்போனைத் தேடலாம். அல்லது மெல்லிய காம்புள்ள கண்ணாடியை வாங்கலாம், அது விலை குறைவு.