விஞ்ஞானத்தில் பின்தங்கும் பிள்ளைக்கு வீட்டில் என்ன செய்யலாம்?

தவணைப் பரீட்சை அறிக்கை வீட்டுக்கு வரும் நாளில் எமது கிராமத்து வீடுகள் பலவற்றில் நடப்பது ஏறக்குறைய ஒன்றுதான். சமயம், தமிழ், வரலாறு எல்லாம் பரவாயில்லை. விஞ்ஞானத்துக்கு எதிரே மட்டும் 28 என்றோ 31 என்றோ எழுதியிருக்கும். தகப்பன் ஏசுவார். தாய் அயலில் விசாரித்து இன்னொரு ரியூசன் வகுப்புக்கு ஒழுங்கு செய்வார். பத்தாம் அல்லது பதினோராம் ஆண்டில் இருக்கும் அந்தப் பிள்ளையோ, "எனக்கு விஞ்ஞானம் மண்டையில் ஏறாது" என்று தனக்குள் முடிவுகட்டிவிடும். இம்மூன்றிலும் பாரதூரமானது இந்த மூன்றாவதுதான்.

க.பொ.த. சாதாரண தரத்தில் கட்டாய பாடங்கள் ஆறு. அவற்றுள் விஞ்ஞானமும் ஒன்று. ஆனால் உயர்தரத்துக்குச் செல்லப் பொதுவாகக் கேட்கப்படுவது தாய்மொழியும் கணிதமும் உட்பட ஆறு பாடங்களில் சித்தியும், மூன்றில் திறமைச் சித்தியும் ஆகும். "விஞ்ஞானம் போனால் போகட்டும், கலைப்பிரிவில் படிக்கலாம்" என்று சொல்பவர்கள் இதை நம்பியே சொல்கிறார்கள். கலைப்பிரிவு குறைந்தது அல்ல. விருப்பத்தோடு அதைத் தெரிவது வேறு, வேறு வழியில்லாமல் அதற்குள் தள்ளப்படுவது வேறு. பதினைந்து வயதில் விஞ்ஞானத்தைக் கைவிடும் பிள்ளைக்கு உயிரியல், பௌதிகப் பிரிவுகளும், 2013 இல் தொடங்கிய தொழினுட்பப் பிரிவும், தாதியர் பயிற்சியும் ஒரே நாளில் எட்டாமற் போய்விடுகின்றன. எமது கிராமப் பாடசாலைகளிற் பல பதினோராம் ஆண்டுடன் முடிகின்ற இரண்டாம் வகைப் பாடசாலைகள். உயர்தர விஞ்ஞான வகுப்புள்ள 1ஏபி பாடசாலை பல மைல் தூரத்திலே நகரத்தில் இருக்கும். அங்கே இடம் கேட்கப் போகும் பிள்ளையின் கையில் நல்ல பெறுபேறு இருந்தாக வேண்டும்.

ரியூசன் வேண்டாம் என்று நாம் கூறவரவில்லை. ஆனால் நூறு பிள்ளைகள் இருக்கும் கொட்டிலில் பாடத்திட்டத்தின் வேகத்துக்கு ஓடும் ஆசிரியருக்கு, உங்கள் பிள்ளை எந்த இடத்திலே தடக்குப்படுகிறது என்று கண்டுபிடிக்க நேரமில்லை. பணத்தைக் கட்டுவதற்கு முன் அந்த இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். அதை வீட்டிலேயே செய்யலாம். விஞ்ஞானம் படிக்காத தாய் தகப்பனாலும் முடியும். சில வேளைகளில் அவர்களால்தான் நன்றாக முடியும்.

முடிச்சு எங்கே இருக்கிறது?

செய்ய வேண்டியது இவ்வளவுதான். மாலையில் கால் மணித்தியாலம் பிள்ளையோடு இருந்து, அன்று படித்ததைப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.

"இண்டைக்கு என்ன படிச்சனி, பிள்ளை?"

"வேலை, சக்தி, வலு அம்மா."

"வேலை எண்டா என்ன?"

"விசையையும், விசையின் திசையில் பொருள் நகர்ந்த தூரத்தையும் பெருக்க வருவது."

"சரி. நான் கிணத்தடியிலை இருந்து குடத்தை இடுப்பிலை வைச்சு வீட்டை கொண்டு வாறன். அது வேலையோ?"

இங்கே பிள்ளை விழிக்கும். வரைவிலக்கணம் பாடம், பொருள் விளங்கவில்லை. முடிச்சு அகப்பட்டுவிட்டது. குடத்தைத் தாங்குவதற்கு அம்மா கொடுக்கும் விசை மேல்நோக்கியது. குடம் நகர்வதோ சமதரையில், பக்கவாட்டில். ஆகவே இடுப்பு எவ்வளவு நொந்தாலும், பௌதிகத்தின் கணக்கில் அந்தத் தாங்கும் விசை வேலை எதுவும் செய்யவில்லை. (இதைக் கேட்டு எந்தத் தாய்க்கும் கோபம் வரத்தான் செய்யும்.) வேலை நடந்தது கிணற்றிலிருந்து வாளியை இழுத்தபோது. வாளியில் 10 லீற்றர் தண்ணீர் என்றால் திணிவு 10 கிலோகிராம். ஈர்ப்பு ஆர்முடுகலை 10 என்று எடுத்தால் நிறை 100 நியூற்றன். தண்ணீர் மட்டம் 6 மீற்றர் ஆழத்தில் இருந்தால், தண்ணீரை உயர்த்தச் செய்த வேலை 600 யூல். 20 செக்கனில் இழுத்தால் வலு 30 வாற்று. மகன் ஓடிவந்து அதையே 10 செக்கனில் இழுத்துவிட்டால் வேலை அதே 600 யூல்தான், வலு 60 வாற்று. வேலைக்கும் வலுவுக்கும் உள்ள வேறுபாடு கிணற்றுக் கட்டில் நின்றபடியே தெளிந்துவிடும்.

தாய்க்கு இந்தக் கணக்கு தெரிந்திருக்க வேண்டியதில்லை. "எங்கடை வீட்டிலை அது எங்கை நடக்குது?" என்ற கேள்வியைக் கேட்கத் தெரிந்தாற் போதும். விடை வராத இடங்களைப் பிள்ளை குறித்துக்கொண்டு மறுநாள் ஆசிரியரிடம் கேட்கட்டும். அலவாங்கால் கல்லைக் கிளப்புவதும் துலாவால் தண்ணீர் அள்ளுவதும் நெம்பு. மஞ்சள் பட்ட சட்டையில் சவர்க்காரம் போட்டதும் அது சிவப்பது மூலத்தின் வேலை. செவ்வரத்தம்பூவை வெந்நீரில் ஊறவைத்து, அந்த நீரில் தேசிக்காய்ப் புளி விட்டால் ஒரு நிறம், சுண்ணாம்புத் தண்ணீர் விட்டால் இன்னொரு நிறம். ஆய்வுகூடம் இல்லாத பாடசாலைப் பிள்ளைக்கு அடுப்படி ஒரு நல்ல ஆய்வுகூடம்.

சொற்கள் செய்யும் குழப்பம்

பிள்ளைகள் தடக்குப்படும் இடங்களில் பாதி, விஞ்ஞானம் அல்ல, சொற்களே. கடைக்காரர் "அரிசி மூட்டை 50 கிலோ நிறை" என்கிறார். பாடநூலில் அது திணிவு. நிறை என்பது 500 நியூற்றன். "பஸ் நல்ல வேகம்" என்று நாம் சொல்வது புத்தகத்தில் கதி. திசையும் சேர்ந்தால்தான் வேகம். வீட்டுப் பேச்சில் சக்தியும் வலுவும் ஒன்று, வினாத்தாளில் இரண்டும் வெவ்வேறு. இரசாயனத்துக்கு வந்தால் மூலகம், மூலக்கூறு, மூலம், மூல் என்று நாலும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் போல வந்து நிற்கும். மூலகம் என்பது இரும்பு, ஒட்சிசன் போன்றது. மூலக்கூறு என்பது அணுக்கள் சேர்ந்த கூட்டு. மூலம் என்பது அமிலத்துக்கு எதிரானது. மூல் என்பது ஓர் எண்ணிக்கை. இவற்றை ஒருமுறை அருகருகே வைத்து யாரும் விளக்காவிட்டால், பிள்ளை இரண்டு வருடமும் ஊகத்திலேயே ஓட்டும்.

மூல் பற்றி இன்னும் ஒரு வார்த்தை, ஏனென்றால் பலர் விஞ்ஞானத்தை வெறுக்கத் தொடங்குவது அந்தப் பாடத்தில்தான். இரும்புக் கடையில் ஆணி வாங்கும்போது எவரும் எண்ணித் தருவதில்லை, நிறுத்துத் தருகிறார்கள். ஓர் ஆணியின் பாரம் தெரிந்தால் நிறுத்தே எண்ணிவிடலாம். அணுக்களையும் மூலக்கூறுகளையும் எண்ண முடியாதபடியால் விஞ்ஞானிகளும் நிறுத்தே எண்ணுகிறார்கள். 12 சேர்ந்தால் ஒரு டசின் என்பது போல, 6.022 பெருக்கல் 10 இன் 23 ஆம் வலு என்ற எண்ணிக்கை சேர்ந்தால் ஒரு மூல். ஒரு மூல் தண்ணீர் 18 கிராம், அதாவது ஒரு மேசைக்கரண்டிக்குச் சற்று அதிகம். அந்தக் கரண்டியைப் பிள்ளையின் கையிற் கொடுத்துப் பாருங்கள்.

இப்போது புதிதாக ஒரு குழப்பமும் சேர்ந்திருக்கிறது. கைத்தொலைபேசியில் யூரியூப் பாடங்களைப் பார்க்கும் பிள்ளைகள் பெரும்பாலும் தமிழ்நாட்டு ஆசிரியர்களின் பாடங்களையும் பார்க்கிறார்கள். பாடங்கள் நல்லவை. ஆனால் அங்கே நிறை என்றால் எமது திணிவு. எமது நிறையை அவர்கள் எடை என்பார்கள். எமது ஆர்முடுகல் அங்கே முடுக்கம். எமது அமுக்கம் அங்கே அழுத்தம். எமது பாடநூலிலோ அழுத்தம் மின்னியலில் வருகின்ற சொல். எமது ஒளித்தொகுப்பு அங்கே ஒளிச்சேர்க்கை. நிறைக்குக் கிலோகிராம் என்று எழுதிவிட்டு, புள்ளி ஏன் வெட்டப்பட்டது என்று தெரியாமல் நிற்கும் பிள்ளையைக் கவனமில்லாதது என்று திட்டுவது நியாயமல்ல. ஒரு கொப்பியில் இடப்பக்கம் வீட்டுச் சொல்லையோ வேற்றிடத்துச் சொல்லையோ எழுதி, வலப்பக்கம் எமது பாடநூற் சொல்லையும் அலகையும் எழுதி வரச் செய்யுங்கள். இரண்டு மாதத்தில் அது பிள்ளையே எழுதிய அகராதியாகிவிடும்.

பழைய கணக்கு

மற்றொரு முடிச்சு கணிதத்தில் இருக்கிறது. யூரியாப் பையில் நைதரசன் 46 சதவீதம் என்று அச்சிட்டிருப்பதை விவசாயிகள் அறிவார்கள். 2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது வீடுகளில் அந்தப் பையைப் பற்றிப் பேசாத நாளில்லை. அந்த 46 எங்கிருந்து வந்தது என்று பிள்ளையைக் கேளுங்கள். யூரியா மூலக்கூறு ஒன்றில் ஒரு காபன், ஓர் ஒட்சிசன், இரண்டு நைதரசன், நான்கு ஐதரசன். 12, 16, 28, 4. கூட்ட 60. அதில் நைதரசன் 28. அறுபதில் இருபத்தெட்டு நூற்றுக்கு 46.7. ஆகவே 50 கிலோப் பையில் ஏறக்குறைய 23 கிலோ நைதரசன் உண்டு.

பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது என்று பாருங்கள். 60 வரை வந்து, சதவீதத்தில் நின்றால் அது இரசாயனக் குறை அல்ல. ஏழாம் எட்டாம் ஆண்டுக் கணிதம். விகிதம், சதவீதம், தசமம், அலகு மாற்றம், சமன்பாட்டில் எழுவாய் மாற்றுதல் ஆகிய ஐந்தும் தளம்பினால் பௌதிகமும் இரசாயனமும் தளம்பும். மணிக்கு 36 கிலோமீற்றர் செல்லும் பஸ் செக்கனுக்கு 10 மீற்றர் செல்கிறது என்று கண்டுபிடிக்க முடியாத பிள்ளைக்கு இயக்கச் சமன்பாடுகளைத் திணிப்பதிற் பயனில்லை. இரண்டு மூன்று வாரம் பழைய கணக்குக்குத் திரும்பத்தான் வேண்டும். ஆனால் பதினைந்து வயதுப் பிள்ளை எட்டாம் ஆண்டுப் புத்தகத்தை விரிக்க வெட்கப்படும். இதற்கு எமது தாய்மார் சிலர் கையாளும் வழி ஒன்று உண்டு. "தம்பிக்குக் கணக்குச் சொல்லிக் குடு பிள்ளை" என்று கேட்பார்கள். தம்பியும் படிப்பான், அக்காவும் படிப்பாள், ஒருவருக்கும் மானக்குறைவு இல்லை.

உயிரியலில் சிக்கல் வேறு. அங்கே வாசித்து வாசித்துக் கோடிடுவதால் பயன் குறைவு. புத்தகத்தை மூடிவிட்டு இதயத்தின் குறுக்குவெட்டை வெறுந்தாளில் வரைந்து, பெயரிட்டு, பிறகு திறந்து சரிபார்ப்பதே மனதில் நிற்கும். அதை மூன்று நாள் கழித்து மீண்டும், இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறை செய்ய வேண்டும்.

வினாத்தாளும் நேரமும்

முதலாம் பத்திரத்தில் 40 பல்தேர்வு வினாக்கள், ஒரு மணித்தியாலம். பிழையான விடைக்குப் புள்ளி கழிக்கப்படுவதில்லை. ஆகவே எதையும் வெறுமையாக விடக்கூடாது. இரண்டாம் பத்திரத்தில் "வரைவிலக்கணம் தருக", "காரணம் கூறுக", "வேறுபடுத்துக" என்பன வெவ்வேறு கட்டளைகள். காரணம் கேட்டால் "ஆகையால்" வர வேண்டும். வேறுபாடு கேட்டால் இரண்டு பக்கமும் எழுத வேண்டும். பழைய வினாத்தாள் செய்து முடித்ததும், இழந்த புள்ளிகளைப் பிள்ளையே மூன்றாகப் பிரிக்கட்டும்: தெரியாதது, சொல்லை மாற்றி விளங்கியது, கணக்கு அல்லது அலகு பிழைத்தது. முதலாவது பெரும்பாலும் நாம் நினைப்பதைவிடச் சிறியதாக இருக்கும்.

2019 வரை மார்கழியில் நடந்த இப்பரீட்சை அதன் பின் வெவ்வேறு மாதங்களில் நடந்து வருகிறது. திகதியைத் திணைக்கள அறிவித்தலில் பார்த்து, பின்னோக்கி வாரங்களை எண்ணித் திட்டமிடுங்கள். இரவு பன்னிரண்டு மணிவரை விழித்திருக்கும் பிள்ளை மறுநாள் வகுப்பில் தூங்கும் என்பதை நாம் சொல்லத் தேவையில்லை.

பாடசாலைக்குப் போய் ஆசிரியரைச் சந்திக்கும்போது, "பிள்ளை எப்படி, கெட்டித்தனமோ?" என்று கேட்காதீர்கள். "எந்த அலகிலிருந்து விளங்காமற் போகத் தொடங்கியது, சேர்?" என்று கேளுங்கள். முதற் கேள்விக்குப் பதில் மரியாதையாக வரும். இரண்டாவது கேள்விக்குத்தான் ஆசிரியர் புள்ளிக் கொப்பியைத் திறந்து பார்ப்பார். அதன் பின்பும் ரியூசன் தேவை என்று கண்டால், அந்த அலகை மட்டும் சொல்லித்தரக்கூடிய, உயர்தரம் முடித்த ஊர்ப்பிள்ளை ஒருவர் போதும். அயலிலுள்ள நாலு பிள்ளைகளை ஒரு விறாந்தையில் சேர்த்தால் செலவும் பகிரப்படும்.

இவ்வளவுக்குப் பின்னும் முதல் தடவை பெறுபேறு சரிவராமற் போகலாம். விஞ்ஞானத்தை மட்டும் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக மறுமுறை எழுத இடமுண்டு. அப்படி எழுதப் போகும் பிள்ளையின் அகராதிக் கொப்பியையும், பிழைகளை மூன்றாகப் பிரித்த தாள்களையும் பழைய பேப்பரோடு சேர்த்துப் போத்தல்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். அடுத்த வருடம் தொடங்க வேண்டிய இடம் அவற்றிலேதான் இருக்கிறது.