உங்களுக்குத் தெரியுமா? பல்லாவரம் கல்லுக்கு வயது 250 கோடி!

பூமிக்கு வயது சுமார் 454 கோடி ஆண்டு என்று ஆறாம் வகுப்புப் பிள்ளையும் ஒப்பித்துவிடும். "யார் சார் பார்த்தது?" என்று அதே பிள்ளை திருப்பிக் கேட்டால்? தாம்பரம் பக்கத்து ஆசிரியர்கள் அசர வேண்டியதில்லை. சாட்சிகள் எல்லாம் ரயில் பாதை ஓரத்திலேயே இருக்கின்றன.

ஜல்லியின் வயது

பல்லாவரம், திரிசூலம், பம்மல் பக்கத்துக் குவாரிகளில் உடைத்த கருங்கல் ஜல்லி சென்னையின் எத்தனையோ வீடுகளின் கான்கிரீட்டில் கிடக்கிறது. அந்தக் கல்லுக்கு சார்னோகைட் என்று பெயர். வயது சுமார் 250 கோடி ஆண்டு, அதாவது பூமியின் வயதில் பாதிக்கும் மேல். டைனோசர்கள் தோன்றியது ஏறத்தாழ 23 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். அப்போதே நம்ம ஊர்க் கல் 220 கோடி வயதைத் தாண்டிவிட்டது!

கல்லறை தந்த பெயர்

ஜாப் சார்னாக் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியின் கல்லறை கொல்கத்தாவின் செயின்ட் ஜான்ஸ் தேவாலய வளாகத்தில் இருக்கிறது. அதன் மேல் பதித்த கல் சென்னைப் பக்கத்திலிருந்து போனது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் தாமஸ் ஹாலந்து அதையும் பல்லாவரம் பாறைகளையும் ஆராய்ந்து, 1893-ல் இந்தப் பாறை வகைக்கு 'சார்னோகைட்' என்று பெயரிட்டார். கல் நம்முடையது, பெயர் மட்டும் கொல்கத்தாக்காரருடையது. பரங்கிமலைச் சார்னோகைட் இன்று தேசியப் புவியியல் நினைவுச் சின்னம்.

மலையா, பாதாளமா?

திரிசூலம் மலை இன்று தலைக்கு மேல் நிற்கிறது. ஆனால் இந்தப் பாறை உருவானது தரைக்கு அடியில் 20 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், 700 டிகிரி செல்சியஸைத் தாண்டிய வெப்பத்தில். மேலே கிடந்த பாறையெல்லாம் கோடிக்கணக்கான ஆண்டுகளில் மழையிலும் காற்றிலும் கரைந்துபோனதால்தான் இது வெளியே தெரிகிறது. புதிதாக உடைந்த துண்டைப் பார்த்தால் கரும்பச்சை நிறத்தில், எண்ணெய் பூசியதுபோல் மினுங்கும்.

கீழே இருப்பவர் மூத்தவர்

பள்ளிக்கரணைப் பக்கம் போர்வெல் போட்டால் முதலில் களிமண் வரும், பிறகுதான் பாறை தட்டும். ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த அடுக்குகளில் கீழே இருப்பதே பழையது. இதை 1669-ல் எழுதி வைத்தவர் டென்மார்க்கின் நிக்கோலஸ் ஸ்டெனோ. இந்த முறையில் யார் மூத்தவர் என்று சொல்லலாமே தவிர, எத்தனை வயது மூத்தவர் என்று சொல்ல முடியாது. அதற்குக் கடிகாரம் வேண்டும்.

மேதை போட்ட தப்புக் கணக்கு

கொதிக்கும் உருண்டையாக இருந்த பூமி ஆறுவதற்கு எவ்வளவு காலம் பிடித்திருக்கும்? இயற்பியல் மேதை கெல்வின் 1862-ல் கணக்குப் போட்டு, 2 கோடியிலிருந்து 40 கோடி ஆண்டுக்குள் என்றார். கணிதத்தில் பிழையில்லை, எடுத்துக்கொண்ட அனுமானத்தில்தான் பிழை. பூமியின் உட்பகுதி மெல்லப் புரண்டு வெப்பத்தை மேலே கொண்டுவந்துகொண்டே இருக்கிறது என்பதை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. 1895-ல் அதைச் சுட்டிக்காட்டியவர் ஜான் பெர்ரி. அவர் கெல்வினிடமே உதவியாளராக வேலை பார்த்தவர்!

மணலளவுக் கடிகாரம்

அடுத்த ஆண்டே, 1896-ல், பெக்கரல் கதிரியக்கத்தைக் கண்டுபிடித்தார். கடிகாரம் கிடைத்துவிட்டது. பாறைக்குள் மணல் பருமனில் சிர்கான் என்ற படிகம் இருக்கும். உருவாகும்போது இது யுரேனியத்தை உள்ளே விடும், ஈயத்தைச் சேர்க்காது. யுரேனியமோ சீரான வேகத்தில் சிதைந்து கடைசியில் ஈயமாகும். ஆகவே இன்று சிர்கானுக்குள் ஈயம் இருந்தால், அது உள்ளேயே பிறந்த ஈயம். இரண்டின் விகிதத்தை அளந்தால் வயது வந்துவிடும். யுரேனியத்தையும் ஈயத்தையும் வைத்து 1911-ல் பாறைகளுக்கு வயது கணித்த ஆர்தர் ஹோம்ஸுக்கு அப்போது 21 வயது.

நூற்றில் 68

யுரேனியம்-238-ன் அரை ஆயுள் சுமார் 447 கோடி ஆண்டு. 250 கோடி வயதுச் சிர்கானில், தொடக்கத்தில் இருந்த ஒவ்வொரு 100 அணுவிலும் இன்று 68 யுரேனியமாகவே இருக்கும், 32 ஈயமாகியிருக்கும். அதே படிகத்தில் யுரேனியம்-235 என்ற இரண்டாவது கடிகாரமும் ஓடுகிறது. அதன் அரை ஆயுள் 70 கோடி ஆண்டு மட்டுமே. இதில் நூற்றுக்கு எட்டோ ஒன்பதோதான் மிஞ்சும். வெவ்வேறு வேகத்தில் ஓடும் இரண்டும் ஒரே வயதைக் காட்டினால், விடை சரி என்று நம்பலாம்.

மணவாளக்குறிச்சிச் சிர்கான்

கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலிருந்து சிர்கானைப் பிரித்தெடுக்கிறார்கள். செராமிக் டைல்ஸின் மேல்பூச்சுக்கு உதவுகிற கனிமம் இது.

பூமியிடம் சான்றிதழ் இல்லை

பூமி தன் பழைய பாறைகளை உருக்கியும் உள்ளே இழுத்தும் மாற்றிக்கொண்டே இருப்பதால், பிறந்த காலத்துப் பாறை எதுவும் மிஞ்சவில்லை. ஆஸ்திரேலியாவின் ஜாக் ஹில்ஸில் கிடைத்த சிர்கான் துணுக்கு 440 கோடி ஆண்டுப் பழசு. ஒடிசாவின் சம்புவா அருகே கிடைத்த சிர்கானுக்கு 424 கோடி வயது என்று 2018-ல் அறிவித்தார்கள். அதற்கும் முன்னே போக வேண்டுமானால் வானத்தைத்தான் நாட வேண்டும்.

விண்கல் சொன்ன விடை

விண்கற்கள் சூரியக் குடும்பம் உருவானபோதே பிறந்தவை. பூமியைப்போல் உருகிப் புரளாதவை. அமெரிக்காவின் அரிசோனாவில் விழுந்த விண்கல்லின் ஈயத்தையும் வேறு சில விண்கற்களையும் அளந்த கிளேர் பேட்டர்சன், 1956-ல் வெளியிட்ட விடை 455 கோடி ஆண்டு. 7 கோடி கூடலாம், குறையலாம். இன்று சொல்லும் 454 கோடியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்!

ஜி.எஸ்.டி. ரோட்டுக்கும் நன்மை

அளக்கும்போது பேட்டர்சனுக்குப் பெரிய தொல்லை, எங்கிருந்தோ வந்து கலந்த ஈயம். ஆய்வகத் தூசியிலும் காற்றிலும்கூட இருந்தது. காரணத்தைத் தேடிப் போனவர், பெட்ரோலில் கலக்கும் ஈயத்துக்கு எதிராகப் பல ஆண்டுகள் போராடினார். இந்தியாவில் 2000-ல் ஈயம் கலந்த பெட்ரோல் நிறுத்தப்பட்டது. உலகில் கடைசியாக நிறுத்திய நாடு அல்ஜீரியா, 2021-ல்.

கார்பன் இங்கே செல்லாது

மாணவர்கள் அதிகம் எழுதும் தவறான விடை: "கார்பன் டேட்டிங் மூலம் பூமியின் வயதைக் கண்டுபிடித்தார்கள்." கார்பன்-14-ன் அரை ஆயுள் 5,730 ஆண்டுதான். சுமார் 50,000 ஆண்டுக்கு அப்பால் அளக்கப் போதுமான அளவு மிஞ்சாது. அதுவும் ஒரு காலத்தில் உயிரோடு இருந்த பொருளாக இருக்க வேண்டும். கீழடியின் கரித்துண்டுக்குச் சரிப்படும். பரங்கிமலைக் கல்லுக்குச் சரிப்படாது.

ஒரே ஊர், பல காலம்

1863 மே 30 அன்று பல்லாவரத்தில் ராபர்ட் புரூஸ் ஃபூட் பழைய கற்காலக் கருவி ஒன்றைக் கண்டெடுத்தார். இந்தியத் தொல்லியலையே திருப்பிப் போட்ட கண்டுபிடிப்பு அது. அதே ஊரில் 1888-ல் அலெக்சாண்டர் ரீ கால்கள் வைத்த சுடுமண் ஈமப்பேழையைத் தோண்டி எடுத்தார். பூண்டி அருகே அதிரம்பாக்கத்துக் கற்கருவிகள் சுமார் 15 லட்சம் ஆண்டுப் பழமையானவை என்று சாந்தி பப்பு குழுவினர் 2011-ல் வெளியிட்டார்கள். அங்கே உதவிய கடிகாரங்கள் அலுமினியம்-26, பெரிலியம்-10.

தாம்பரம் டு பீச்

தாம்பரத்திலிருந்து பீச் ஸ்டேஷன் சுமார் 30 கிலோமீட்டர். தாம்பரத்தில் பூமி பிறக்கிறது, பீச்சில் இன்றைய தேதி என்று வைத்துக்கொண்டு எலக்ட்ரிக் ட்ரெயின் ஏறுங்கள். ஒரு கிலோமீட்டர் என்பது 15 கோடி ஆண்டு. திரிசூலம் பக்கம் வரும்போது 350 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய நுண்ணுயிர்கள் இருக்கின்றன. கிண்டியை ஒட்டி பல்லாவரம் பாறை உருவாகிறது. பீச் வர அரைக் கிலோமீட்டர்கூட இல்லாதபோது டைனோசர்கள் அழிகின்றன. அதிரம்பாக்கத்து மனிதர் கடைசி 10 மீட்டரில் வருகிறார். நம் இனத்துக்குக் கிடைப்பது கடைசி 2 மீட்டர்!

வகுப்பறையில் அரை ஆயுள்

64 காசுகளை ஒரு டப்பாவில் போட்டுக் குலுக்கிக் கொட்டுங்கள். தலை விழுந்தவை 'ஈயம்', எடுத்து ஓரமாக வையுங்கள். மீதியை மறுபடி குலுக்குங்கள். ஏறத்தாழ 32, 16, 8 என்று குறையும். இப்போது ஒரு மாணவியை வெளியே அனுப்பிவிட்டு, சில முறை குலுக்கி நிறுத்துங்கள். அவர் திரும்பி வந்து, மிஞ்சிய காசுகளை மட்டும் எண்ணி எத்தனை முறை குலுக்கினீர்கள் என்று சொல்ல வேண்டும். பாறையின் வயதை விஞ்ஞானிகள் சொல்வதும் இதே தர்க்கத்தில்தான். காசு குறைவாக இருந்தால் விடை சற்றுத் தவறும். ஏன் என்பதையும் மாணவர்களையே யோசிக்க விடுங்கள்.

ஆசிரியர்களே, அடுத்த அறிவியல் கண்காட்சியில் வழக்கமான எரிமலை மாடலுக்கு ஓய்வு கொடுங்கள். தெருமுனைக் கட்டட வேலையில் கேட்டு வாங்கிய ஒரு ஜல்லிக் கல்லும் 64 காசும் போதும். நினைவுச் சின்னப் பாறையை மட்டும் யாரும் உடைக்க வேண்டாம்!