எந்த மீனுக்கு எந்த இரை?

தோட்டத்து மக்களுக்குத் தூண்டில் போடச் சொல்லித்தர வேண்டியதில்லை. மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் கிளறினால் மண்புழு. செம்பனைத் தோட்டமென்றால் பழுத்த பழமே இரை. ஆற்றில் லம்பாமும் ஜெலாவாட்டும் அதைத் தேடி வரும். காசு செலவில்லாத ஞாயிற்றுக்கிழமை!

அண்மையில் நாம் சிங்கப்பூர் போயிருந்தோம். நம் தோட்டத்தில் பால்மரம் வெட்டும் ஓர் அம்மாளின் மகன் அங்கே வேலை செய்கிறான். "லீவு நாள்ல ரூம்ல படுத்துக் கெடக்குறதுதான் மாமா. வாங்க, தூண்டி போடலாம்" என்றான். விடிந்ததும் தேக்கா பாசாரில் சின்ன இறாலும் கணவாயும் சாளை மீனும் வாங்கிக்கொண்டு பிடோக் கடற்பாலத்துக்குப் போனோம்.

அந்தப் பாலம் தூண்டில்காரர்களின் பள்ளிக்கூடம். சீனர், மலாய்க்காரர், நம்மவர் எல்லாரும் ஒரே வரிசை. அங்கே நாம் கற்ற முதல் பாடம்: மனுஷனுக்குப் பிடித்ததைப் போடாதே, மீன் எப்படித் தின்னும் என்று பார்.

கொடுவா ஓடும் இரையைத் துரத்திப் பிடிக்கும். அதற்கு உயிர் இறால்தான் வேண்டும். தலையில் தெரியும் கறுப்புப் புள்ளியில் முள் பட்டால் இறால் செத்துப் போகும். அதை விலக்கி, கொம்புக்குக் கீழே மெல்லக் கோக்க வேண்டும். திருக்கை அடித்தரையில் மேயும். அதற்கு வாடை வீசும் மீன் துண்டை ஈயக்கட்டி கட்டி இறக்க வேண்டும். மடவைக்கு வாய் சிறிசு. சின்ன முள்ளில் பிசைந்த ரொட்டி போதும். பொடிமீன்கள் இரையைக் கொறித்துத் தீர்க்கும் இடத்தில் கணவாய்த் துண்டு நல்லது. அதன் சதை கெட்டி, முள்ளை விட்டுச் சீக்கிரம் போகாது. தண்ணீர் கலங்கியிருந்தால் வாடையுள்ள இரை, தெளிந்திருந்தால் கண்ணில் படும் இரை.

மத்தியானம் பையன், "ரிசர்வாயர் பக்கம் போவோம் மாமா" என்றான். பையில் ஒரு டின் நிறைய மண்புழு! பக்கத்திலிருந்த மலாய்ப் பெரியவர் பார்த்துவிட்டார். "அங்கே புழு கூடாது, தம்பி" என்று தடுத்தார்.

அவர் சொன்னது சரிதான். சிங்கப்பூரின் நீர்த்தேக்கங்களில் அனுமதித்த இடங்களில் மட்டுமே தூண்டில் போடலாம். அதுவும் பொய் இரை மட்டும். புழு, தவளை எதுவும் ஆகாது. மீறினால் அபராதம். காரணமும் நியாயமானதே. அது குடிதண்ணீர். தப்பிப் போகும் உயிர் இரை அந்நிய இனமாகப் பெருகிவிடவும் கூடும். பொய் இரையென்றால் பிளாஸ்டிக் மீன், தகரக் கரண்டி. தென்னமெரிக்காவிலிருந்து வந்து அங்கே பெருகிவிட்ட பீக்காக் பாஸ் மீன் பகலில் கண்ணால் பார்த்து வேட்டையாடுவது. பளபளப்பைக் கண்டால் பாய்ந்து கவ்வும்.

அந்தப் பெரியவர் மட்டும் இல்லாதிருந்தால்? அபராதம் பையன் பெயரில் வரும். கட்டுவது யார்? வெள்ளாப்பில் எழுந்து மரம் வெட்டும் தாயின் சீட்டுப் பணம்தானே! "தெரியாமல் செய்தேன்" என்றால் யாரும் விடமாட்டார்கள். பிள்ளைகளை வெளியூருக்கு அனுப்பும் பெற்றோர்களே, அறிவிப்புப் பலகையை நின்று படிக்கவும், தெரியாவிட்டால் கேட்கவும் சொல்லி அனுப்புங்கள். கேட்பது கேவலமல்ல.

நம் தோட்டத்துக்கும் ஒரு சொல். களைக்கொல்லி மருந்து அடித்த நிரையில் புழு தோண்டாதீர்கள். மருந்து மழையில் கரைந்து ஓடும் காணில் மீன் பிடித்துச் சமைக்காதீர்கள். காலி மருந்து டின்னில் இரை போட்டுப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். கழுவிவிட்டோம் என்ற சமாதானம் வேண்டாம்.

மீன்தான் இரையைக் கண்டு ஏமாறும். நாம் ஏமாறக்கூடாது, தோழர்களே!