மலாலாவின் புகழும் பெண்கல்வியும்

மலாலா யூசுப்சாய், பாகிஸ்தானின் சுவாத் பள்ளத்தாக்கில் 1997-ஆம் ஆண்டு பிறந்தவர். 2009-இல் தாலிபான்கள் அங்குப் பெண்கல்வியைத் தடுத்தனர். அக்கொடுமையைப் புனைபெயரில் எழுதி உலகறியச் செய்தார் மலாலா. அதனால் பகைகொண்டோர் 2012-இல் பள்ளி வண்டியிலேயே அவரைச் சுட்டனர். தோழியர் இருவரும் காயமுற்றனர். உயிர் பிழைத்த மலாலா, 2014-இல், தம் பதினேழாம் அகவையில், கைலாஷ் சத்யார்த்தியுடன் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றார்.

அப்புகழ் குறித்து அவர் நாட்டிலேயே பூசல் எழுந்தது. அயல்நாட்டார் தம் நலங்கருதி அவரை உயர்த்தினர் என்றும், ஆளில்லா விமானத் தாக்குதலில் மாண்ட சிறாரை மறந்தனர் என்றும் ஒரு சாரார் குறைகூறினர். சாவுக்கும் அஞ்சாது கல்வியை வேண்டிய உறுதியே புகழ்பெற்றது என்றனர் மற்றொரு சாரார்.

மறக்கப்பட்டோரை நினைத்தல் கடனேயாம். ஆயினும், ஒருவர் புகழைக் குறைப்பதனால் பிறர் துயர் தீருமோ? மலாலாவோ, பரிசுப் பொருளைக்கொண்டு ஷாங்லா மாவட்டத்தில் பெண்களுக்குப் பள்ளி அமைத்தார். புகழின் பயன் அதுவன்றோ!