கட்டில் காலில் ஒரு விளக்கு

மயிலாப்பூரின் பழைய ஓட்டு வீடுகள் அடுக்குமாடிகளாக ரூபாந்தரம் அடைந்துவரும் இந்நாளில், இரங்கூனிலிருந்து கப்பலேறி வந்த பர்மா தேக்கினால் பாட்டனார் செய்வித்த கட்டிலை, இடமின்மையால் விறகு விலைக்குத் தள்ளிவிட எண்ணும் நேயர்கள், அதன் கடைசல் கால் ஒன்றையேனும் காப்பாற்றிக்கொள்ளலாம். தச்சரைக்கொண்டு அதில் நெடுகத் துளையிட்டு, ஒயரைச் செலுத்தி, தலையில் ஹோல்டரும் அடியில் கனத்த பலகையும் பொருத்தினால், அதுவே கம்பீரமான நிலைவிளக்கு! வார்னிஷ் பூசி மினுக்குவதில் எமக்குச் சம்மதமில்லை. உஷ்ணம் மரத்துக்கு ஆகாதாகையால், 60 வாட் குண்டு பல்பைத் தவிர்த்து, ஏறக்குறைய அதே பிரகாசம் தரும் 9 வாட் எல்.இ.டி. பல்பை உபயோகிப்பது உசிதம். ஹோல்டர் பித்தளையாயின், எர்த் இணைப்புள்ள மூன்று முள் பிளக் அவசியம். 230 வோல்ட் மின்சாரமாதலால், ஒயரிங் வேலையை எலக்ட்ரீஷியனிடமே ஒப்படையுங்கள்.