கறுப்பு நீரில் வெள்ளை ஆம்பல்

குளத்து ஜலம் கறுத்துவிட்டால் நாம் முகத்தைச் சுளித்துக்கொண்டு அப்பால் நடப்பது வழக்கம். ஆனால் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்கிழக்கே, ஜார்ஜியா ராஜ்யத்தில், நாலு லட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட ஒரு சதுப்பு நிலம் முழுவதும் காப்பிக் கஷாயம் போன்ற கரிய நீர்தான். ஓக்கிபெனோக்கி என்பது அதன் பெயர். 'நடுங்கும் பூமி' என்று அதற்குப் பொருள் கூறுவர். ஸுவானி, ஸெயின்ட் மேரீஸ் என்ற இரு நதிகள் அங்கே உற்பத்தியாகின்றன.

அந்தக் கறுப்பு அழுக்கன்று. வேலம்பட்டையை ஊறவைத்த நீர் எவ்விதம் கறுக்கிறதோ, அவ்விதமே மக்கிய இலை தழைகளின் துவர்ப்புச் சத்து இறங்கியிருக்கிறது. நீர் புளிப்புள்ளது, உரச்சத்தோ மிகக் குறைவு. அடியில் பல அடி ஆழத்திற்கு மக்கல் மண். அதில் பிராணவாயு இல்லை. இத்தகைய இடத்தில்தான் கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளை ஆம்பலும் மஞ்சள் அல்லியும் பரந்து கிடக்கின்றன. அவற்றிடையே, நீரில் அமிழ்த்தி எடுத்தாலும் இலை நனையாத ஒரு பொன்னிறக் கதிர்ச் செடியும், நுண்ணிய பைகளால் பூச்சிகளைப் பிடித்துண்ணும் பாசி போன்ற பூண்டும் வாழ்கின்றன.

நம் தமிழ் நாட்டு ஆம்பல் இரவில் மலர்வது. இதுவோ காலையில் விரிந்து பிற்பகலில் குவிகிறது. முதல் நாள் பூவின் நடுவே ஒருவகைத் திரவம் நிறைந்திருக்கும். வேறு பூவிலிருந்து மகரந்தம் சுமந்து வரும் பூச்சி அதில் வழுக்கி விழ, மகரந்தம் கழுவப்பட்டுச் சூலகத்தைச் சேர்கிறது. சில பூச்சிகள் மூழ்கி மடிவதும் உண்டு. மறுநாள்தான் அப்பூ தன் மகரந்தத்தை வழங்கும். பிறகு காம்பு சுருள்வில்போல் சுருண்டு காயை நீருக்குள் இழுத்துக்கொள்கிறது.

வகுப்பில் தாமரைத் தண்டை ஒடித்து அதன் துளைகளை நாம் காட்டுவதுண்டு. அத்தகைய துளைகளில் காற்று வீசுகிறது என்றால் மாணாக்கர் நகைப்பர். ஆயினும் மஞ்சள் அல்லியில் அது மெய்யே என்று 1980இல் ஜான் டேஸி என்ற விஞ்ஞானி வெளியிட்டார். வெயிலில் காய்ந்த இளம் இலைகளுக்குள் அழுத்தம் மிகுந்து, காற்று காம்பு வழியே சேற்றிலுள்ள கிழங்குக்கு இறங்கி, முதிர்ந்த இலைகளின் வழியே வெளியேறுகிறது. மூச்சற்ற சேற்றில் கிழங்கு பிழைப்பது இதனால்தான்.

இந்த அல்லி வெளிகளை உண்டாக்குவது எது? நெருப்பு! கடும் வறட்சியில் மக்கல் மண்ணே பற்றி எரிந்து பள்ளமாகிறது. மழை திரும்பியதும் பள்ளம் மடுவாகி அல்லி குடியேறுகிறது. நெருப்பு வராவிடில் மக்கல் மேடிட்டு, புதர்களும் மரங்களும் நெருங்கி, வெளி மறைந்துபோகும். 1937இல் இப்பிரதேசம் தேசிய வனவிலங்குப் புகலிடமாயிற்று. 1954–55இல் மூண்ட பெருந்தீயைக் கண்டு அஞ்சி, நீர் வற்றாமலிருக்க 1960இல் ஸுவானி நதியில் மண்ணணை எழுப்பினார்கள். அதன் பயன் சதுப்பின் ஒரு சிறு பகுதிக்கு மேல் எட்டவில்லை. 2007லும் 2011லும் மறுபடியும் பெருந்தீ எரிந்தது. அணை எட்டாமற் போனதற்கு நாம் வருந்தவில்லை.

முந்தைய தலைமுறையினர் நேர்மாறான காரியத்தில் இறங்கியிருந்தனர். 1891இல் ஒரு கம்பெனியார் சதுப்பை விலைக்கு வாங்கி, நீரை வடித்துக் கழனியாக்க எண்ணி, சுமார் 12 மைல் கால்வாய் வெட்டினார்கள். சில ஆண்டுகளில் பணம் தீர்ந்தது; சதுப்பு வற்றவில்லை. இன்று அல்லி வெளிகளைக் காண வருவோர் படகேறிச் செல்வது அந்தக் கால்வாயில்தான்.