கோப்புக் களஞ்சியம்

குளத்தாற் பெயர்பெற்ற ஊர்கள் நம்நாட்டிற் பல. கோவிற்பட்டியைச் சூழ்ந்த கரிசற் சீமையில் உள்ள குளத்தூரும் அவற்றுள் ஒன்று. வானம் பார்த்து வாழும் அந்நிலத்தில், குளத்து நீர் ஊரார் அனைவர்க்கும் பொது. எனினும், நினைத்தவர் நினைத்தபோது அதனைத் திறந்துவிடுதல் கூடாது. மடை உண்டு, மடையைத் திறத்தற்கு உரியவர் உண்டு, எந்த வயலுக்கு எவ்வளவு நீர் என்னும் முறையும் உண்டு. கணினிகள் பல தம்முட் கோப்புகளைப் பொதுவில் வைத்து வழங்கும் ஏற்பாடும் இத்தகையதே.

அவ்வூர்ப் பள்ளியொன்றில் பத்துக் கணினிகள் இருப்பதாகக் கொள்வோம். மாணவி ஒருத்தி நேற்று ஒரு கணினியில் அமர்ந்து கட்டுரை எழுதினாள். இன்று அவளுக்குக் கிடைத்த இடம் வேறு. கட்டுரையோ நேற்றைய கணினியிலேயே கிடக்கின்றது. அதனைப் ‘பென்டிரைவ்’ என்னும் சிறு கருவியிற் சுமந்து திரியலாம். ஆனால், அது தொலையவும் கூடும். நச்சு நிரல்களை ஒரு கணினியினின்று மற்றொன்றுக்குப் பரப்பவும் கூடும். ஆதலின், ஒரு கணினியைக் களஞ்சியமாக்கி, எல்லார் கோப்புகளையும் அதன்கண் வைத்து, ஏனைய கணினிகள் வலையமைப்பின் வழியே அவற்றைத் தம்முடையன போலவே கையாளுமாறு செய்வர். இக்களஞ்சியக் கணினிக்குச் சேவையகம் என்பது பெயர்.

இதற்கெனப் பெருவழக்காய் நிலவும் முறைகளுள் ஒன்று ‘என்.எஃப்.எஸ்.’ என்பதாகும். வலையமைப்புக் கோப்பமைப்பு என்பது அதன் பொருள். நம்நாட்டிற் பிறந்த வினோத் கோஸ்லா முதலிய நால்வர் 1982 இல் அமெரிக்காவிலே நிறுவிய சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தார் 1984 இல் இதனை உருவாக்கினர். சன் நிறுவனம் 2010 இல் ஆரக்கிள் நிறுவனத்தின் கைக்கு மாறிற்று. அவர்கள் வகுத்த முறையோ இன்றும் வழக்கில் உள்ளது.

அம்முறையின் முதற் பதிப்புகளில் ஓர் அரிய நுட்பம் அமைந்திருந்தது. சேவையகம் எவரையும் நினைவில் வைத்துக் கொள்வதில்லை. “இந்தக் கோப்பில், இத்தனையாவது எழுத்திலிருந்து, இத்தனை எழுத்துகளைத் தருக” என்று ஒவ்வொரு வேண்டுகோளும் தன்னளவில் முழுமையாக வந்து சேரும். எனவே, சேவையகம் இடையில் நின்று மீண்டும் எழுந்தாலும் குழப்பம் இல்லை. விடை பெறாத கணினி அதே வேண்டுகோளை மறுபடியும் அனுப்பும். எழுந்த சேவையகம் விடை தரும். மறதியையே வலிமையாக்கிய இத்திறம் வியக்கத்தக்கது.

இனி, இச்சேவையைக் கணினியில் அமைக்கும் வழியைக் காண்போம். லினக்ஸ் என்னும் இயக்க அமைப்பை எடுத்துக்கொள்வோம். பின்லாந்து நாட்டு மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 இல் தொடங்கியது அது. தமிழ்நாட்டு அரசு 2011 முதல் மாணவர்க்கு வழங்கத் தொடங்கிய மடிக்கணினிகளில், சி-டாக் நிறுவனத்தார் உருவாக்கிய ‘பாஸ்’ என்னும் லினக்ஸ் வகையும் இடம்பெற்றிருந்தது.

இயக்க அமைப்பின் உயிர்நிலையைக் ‘கெர்னல்’ என்பர். கொட்டையினுள் இருக்கும் பருப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் அது. நினைவகம், வட்டு, வலையமைப்பு ஆகிய யாவற்றையும் ஆள்வது இப்பருப்பே. நாம் இயக்கும் நிரல்கள் யாவும் இதனைச் சூழ்ந்த ஓடு போன்றவை. கோப்பு வழங்கும் பணியாளனை லினக்சில் முதலில் ஓட்டுப் புறத்திலேயே நிறுத்தியிருந்தனர். ஒவ்வொரு வேண்டுகோளும் உள்ளும் புறமுமாக அலைந்ததால் காலம் வீணாயிற்று. 1999 இல் வெளிவந்த 2.2 ஆம் கெர்னலில் அப்பணியாளன் உள்ளேயே குடியமர்த்தப்பட்டான். விரைவு மிகுந்தது. ஆனால், வெளியில் உள்ள நிரல் கெட்டால் அந்நிரல் மட்டுமே வீழும். கெர்னலின் உள்ளே உள்ளது கெட்டாலோ கணினி முழுதும் வீழக்கூடும். உள்ளே எவரை விடுவது என்பதில் இத்துணை ஆராய்ச்சி வேண்டுவது இதனாலேதான்.

கெர்னலைத் தாமே தொகுத்து அமைக்க விழைவோர்க்கு ஒரு வினாப் பட்டியல் திரையில் தோன்றும். வினாக்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன. அஞ்ச வேண்டா, பெரும்பாலானவற்றுக்கு முன்னமே விடை எழுதப்பட்டிருக்கும். கோப்பமைப்புகள் என்னும் பகுதியுள், வலையமைப்புக் கோப்பமைப்புகள் என்னும் உட்பிரிவில், என்.எஃப்.எஸ். சேவையகத்துக்கு இடமளிக்கலாமா என்னும் வினா நிற்கும். அதற்கு மூன்று விடைகள் உண்டு. ‘ஆம்’ எனின், அப்பணியாளன் கெர்னலோடு ஒன்றாகப் பிணைக்கப்படுவான். கணினி விழித்தபோதே அவனும் விழிப்பான். ‘இல்லை’ எனின், அவனுக்கு அங்கு இடமில்லை. மூன்றாவது விடை ‘மாட்யூல்’ என்பது: வேண்டும்போது அழைத்து, வேண்டாதபோது விலக்கத்தக்க தனிக்கூறாக அவனை வைத்தல். பள்ளிக் கணினிக்கு இதுவே தக்கது என்பது என் கருத்து. கோப்பு வழங்காத கணினிக்கு அப்பணியாளனாற் பயன் யாது? திறவாக் கதவைக் காத்தற்கு ஒருவனை அமர்த்துதல் வேண்டா.

அவ்வினாவின் கீழ்ப் பதிப்புகள் பற்றிய கிளைவினாக்கள் வரும். 1989 இல் ஆவணமாக வெளியிடப்பெற்ற இரண்டாம் பதிப்பு இன்று கைவிடத்தக்கது. 1995 இன் மூன்றாம் பதிப்புக்குத் துணைப்பணியாளர் பலர் வேண்டும். 2000 இல் முதலில் வரையறுக்கப்பட்ட நான்காம் பதிப்போ 2049 என்னும் எண்ணுடைய ஒரே வாயிலின் வழி எல்லாம் நடத்தும். ஒரு வாயிலைக் காத்தல் எளிதன்றோ? நான்காம் பதிப்பையே கொள்க.

கெர்னல் அமைந்தது. இனி, எந்தக் கோப்புறையை யார்க்குத் திறப்பது என்பதை ‘எக்ஸ்போர்ட்ஸ்’ என்னும் சிறு கோப்பில் எழுத வேண்டும். முதலிற் கோப்புறையின் பெயர். பின்னர் அதனைப் பெறும் கணினியின் பெயர். அப்பெயரை ஒட்டி, அடைப்புக்குறிக்குள் உரிமை. படிக்க மட்டுமா, எழுதவுமா என்பதே உரிமை. இங்கே ஒரு பெரும்பொறி உள்ளது. கணினியின் பெயருக்கும் அடைப்புக்குறிக்கும் இடையே வெற்றிடம் சிறிதும் இருத்தல் ஆகாது. மாணவர்களே, ‘தாமரை’ என்பது மலர். ‘தா மரை’ என்று இடைவிட்டால் அது தாவும் மான். இலக்கண வகுப்பிற் பொதுமொழி என்று படித்தது நினைவிருக்கும். அங்ஙனமே, சேர்த்து எழுதினால், எழுதும் உரிமை அந்த ஒரு கணினிக்கு மட்டும் உரியது. இடம்விட்டு எழுதினாலோ, அக்கணினிக்குப் படிக்கும் உரிமை மட்டுமே எஞ்ச, எழுதும் உரிமை சேவையகத்தை எட்டக்கூடிய ஏனைய கணினிகள் அனைத்துக்கும் போய்விடும்! கணினி இதனைப் பிழையென்று தடுப்பதில்லை. எழுதியவாறே பொருள் கொள்கின்றது. ஓராண்டு உழைப்பை எவரோ ஒருவர் அழித்துவிட இவ்வொரு வெற்றிடம் போதும்.

ஆளை அறியும் முறையிலும் எச்சரிக்கை வேண்டும். பொதுவான அமைப்பில் சேவையகம் பெயரைக் கேட்பதில்லை. பயனர்க்குரிய எண்ணையே கேட்கின்றது. மறுபுறத்துக் கணினி சொல்லும் எண்ணை அப்படியே நம்புகின்றது. ஒரு கணினியில் 1001 என்பது ஒரு மாணவியின் எண்ணாகவும், அடுத்த கணினியில் அதுவே வேறொரு மாணவனின் எண்ணாகவும் இருக்குமாயின், அவள் கட்டுரையை அவன் திருத்தலாம். சேவையகம் இருவரையும் ஒருவரென்றே கொள்ளும். ஆகவே, எல்லாக் கணினிகளிலும் ஒருவர்க்கு ஓரெண்ணே வழங்குதல் வேண்டும். ‘ரூட்’ எனப்படும் தலைமைப் பயனரின் எண் சுழியம். வெளியிலிருந்து வரும் சுழியத்தைச் சேவையகம் இயல்பாகவே 65534 என்னும் உரிமையற்ற எண்ணாக மாற்றிவிடும். அக்காவலை நீக்குதல் தகாது. இன்னும் உறுதியான சான்று வேண்டுவோர் கெர்பரோஸ் என்னும் முறையை இணைப்பர். அதற்குரிய வினாவும் கெர்னல் பட்டியலிலேயே உண்டு.

மற்றொன்று. மாணவி எழுதியதைப் பெற்ற சேவையகம் “பெற்றேன்” என்று எப்போது சொல்ல வேண்டும்? வட்டில் பதிந்த பிறகு சொல்லுதல் ஒரு வகை. நினைவகத்தில் வைத்துக்கொண்டு, பதியும் முன்னரே சொல்லிவிடுதல் மற்றொரு வகை. பின்னது விரைவானது. லினக்சில் தொடக்க காலத்தில் அதுவே இயல்பாக இருந்தது. ஆனால், சொல்லியதற்கும் பதிந்ததற்கும் இடையே மின்சாரம் நின்றால், அவள் எழுதியது மறைந்துபோம். அவள் கணினியோ எல்லாம் நலம் என்றே எண்ணியிருக்கும். இக்குறை கருதிப் பின்னாளிற் பதிந்து சொல்லும் வகையையே இயல்பாக்கினர். காற்றுக்கும் இடிக்கும் மின்சாரம் நிற்கக்கூடிய ஊர்களில் இதனை மாற்றாதிருத்தலே அறிவுடைமை.

மின்சாரம் மீண்டு வந்ததும் நான்காம் பதிப்பின் சேவையகம் உடனே புதிய பூட்டுகளை யார்க்கும் வழங்கிவிடாது. முன்னர்க் கோப்புகளைப் பூட்டி வைத்திருந்த கணினிகள் தத்தம் உரிமையை மீண்டும் கோருதற்கு இயல்பாக 90 நொடி காத்திருக்கும். அவ்வேளையில் திரை அசையாது நிற்பது கண்டு பதறி, விசையை அழுத்திக் கணினியை அணைத்தல் வேண்டா.